குமரேசனின் டம்ளர்

போன வாரம் ஓர் இன்லண்ட் லெட்டர் வந்தது. ராணுவத் தபால் முத்திரை. உள்ளே வலது மூலையில் தேதி, அதற்குக் கீழே கிழமை. இரண்டும் பொருந்துகிறதா என்று காலண்டரை எடுத்துப் பார்த்தேன். பொருந்துகிறது! என்ன செய்வது, சரித்திர வாத்தியாரின் பழக்கதோஷம்.

கடிதம் சின்னது. 'மதிப்பிற்குரிய சார் அவர்களுக்கு, நலம். இங்கே குளிர் ஜாஸ்தி. நைனாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். இந்த மாதம் முதல் ஆக்டிங் லான்ஸ் நாயக். டம்ளர் பத்திரமாக இருக்கிறது. இப்படிக்கு, ஏ.குமரேசன்.'

அவ்வளவுதான். பதவி உயர்வுக்கு ஒரு வரி, டம்ளருக்கு ஒரு வரி!

எந்த டம்ளர் என்றுதானே கேட்கிறீர்கள்? சொல்கிறேன். போன வருஷம், 1971 ஆகஸ்ட் கடைசியில், நம் ராஜ்யத்தில் சாராயக் கடைகள் திறந்ததிலிருந்து பத்திரிகையில் எழுதுகிற எனக்கு வருகிற வாசகர் கடிதங்களில் பாதிக்குப் பாதி அதைப் பற்றித்தான். 'இளைஞர்களைக் காப்பாற்ற என்ன வழி?' என்று கேட்கிறார்கள். வழி எனக்குத் தெரியாது. ஆனால் கடைகள் திறப்பதற்கு முந்திய கோடையில் காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளிக்கூட அறையில் நடந்தது தெரியும். அந்த அறையில் நானும் இருந்தேன்.

குமரேசன் என் பழைய மாணவன். பிள்ளையார்பாளையத்துப் பையன். அப்பா ஏகாம்பரம் பட்டு நெசவு. உடலும் கரையும் தனித்தனி நிறமாக இணைகிற கோர்வைச் சேலை நெய்ய ஒரு தறிக்கு இரண்டு பேர் வேண்டும் — ஒருவர் நெய்ய, இன்னொருவர் எதிர்ப்பக்கக் கரைக்கு ஊடை நூல் ஓட்டுகிற நாடாவை வாங்கிக் கொடுக்க. அந்த இரண்டாவது இடத்தில் உட்கார்ந்திருந்தவன் குமரேசன். பையனுக்குப் பட்டாளத்தில் சேர ஆசை. ஏகாம்பரம் ஒரு மாதம் பேசாமல் இருந்தார். பிறகு கூலிக்கு ஆள் போட்டுக்கொண்டு, 'போய்ட்டு வா' என்றார்.

மைசூர் ராஜ்யத்தில் ஒரு டிரெய்னிங் சென்டர். பாதிப் பயிற்சி முடிந்து லீவில் வந்தான். மீசை வந்திருந்தது. முதுகு நிமிர்ந்திருந்தது. ஆனால் முகம் மட்டும் பரீட்சை ரிசல்ட் வந்த நாள் மாதிரி...

"என்னப்பா?" என்றேன்.

"ஒண்ணுமில்ல சார். வார்னிங் குடுத்துட்டாங்க."

விஷயம் இதுதான். ரெக்ரூட்டுகளுக்கு சென்டருக்குள்ளே ரம் கிடையாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவுட்பாஸ் உண்டு. வெளியே பஜார் உண்டு. பஜாரில் கடை உண்டு. பிளட்டூன் பையன்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு பாட்டில் வாங்கியிருக்கிறார்கள். மற்றவர்கள் பாட்டுப் பாடிக்கொண்டு சென்டருக்குத் திரும்பினார்கள். குமரேசன் ஆஸ்பத்திரிக்குப் போனான். மூச்சே சரியாக இல்லையாம். கண் விழித்ததும் கம்பெனி கமாண்டர் சொன்னது ஒரே வாக்கியம்: இன்னொரு தடவை இப்படி என்றால் பெட்டியைக் கட்டு.

பெட்டியைக் கட்டிக்கொண்டு எங்கே வருவான்? பிள்ளையார்பாளையத்துக்கு. தெரு முழுக்கப் பார்க்கும். அவன் இடத்தில் ஏற்கெனவே கூலி ஆள் உட்கார்ந்திருக்கிறார். அது போகட்டும். அடுத்த தடவை பெட்டி கட்டுகிற நிலையில் இருப்பானா என்பதே ஒரு கேள்வி. டாக்டர் அதையும் சொல்லியிருக்கிறார்.

நம் ஊரில் சுபேதார் தேவராஜ் என்று ஒருவர், பென்ஷன் வாங்கிக்கொண்டு வந்து ரங்கசாமி குளம் பக்கம் குடியிருக்கிறார். உள்ளூர்ப் பையன்கள் யார் பட்டாளத்துக்குப் போனாலும் கிளம்புகிற வாரத்தில் கூட்டி வைத்து ஒரு வகுப்பு எடுப்பார். ஷூ லேஸ் எப்படிக் கட்டுவது, மேலதிகாரி இந்தியில் திட்டினால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது — இந்த மாதிரி. அந்த வருஷம் புதிதாக நாலு பேர் அதே சென்டருக்குக் கிளம்பினார்கள். குமரேசன் விஷயம் சுபேதார் காதுக்குப் போனது.

"வாத்தியார் சார், இந்தத் தபா குடியப் பத்தியும் பேசிடுவோம். நீங்க படிச்சவரு. நீங்க சொல்லுங்க" என்றார்.

விடுவேனா? சென்னைக்குப் போய் ஒரு சார்ட் வாங்கி வந்தேன். கல்லீரல் படம். ஒரு பக்கம் நல்ல கல்லீரல், இன்னொரு பக்கம் கெட்ட கல்லீரல். ஞாயிற்றுக்கிழமை காலை, என் பள்ளிக்கூடத்தில் ஓர் அறை. பெஞ்சில் புதுப் பையன்கள் நாலு பேர், ஓரத்தில் குமரேசன். முன்வரிசையில் ஏனாத்தூர் முருகேசன் — விவசாயக் குடும்பத்துப் பையன், வாய் சும்மா இருக்காது.

ஆதியிலிருந்து ஆரம்பித்தேன். 1948-ல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. இந்தப் பையன்கள் அத்தனை பேரும் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். கள்ளச்சாராயம் இல்லையா என்றால் இருந்தது. பாலாற்று மணலைத் தோண்டினால் தண்ணீர் மட்டும்தான் வரும் என்று நான் சொல்லத் தயாரில்லை. ஆனால் தறிக்கும் ஸ்கூலுக்கும் கோயிலுக்குமாக வளர்ந்த பையன் பாட்டிலைக் கண்ணால் பார்த்தவன் இல்லை. ராஜ்ய எல்லையைத் தாண்டினால் முதல் கடை... இதையெல்லாம் வருஷவாரியாகச் சொன்னேன். பிறகு சார்ட்டைப் பிரித்தேன்.

"சார், இது கெட்டுப்போனதா, இது கெட்டுப்போனதா?" முருகேசன்.

"வலது பக்கம் கெட்டுப்போனது."

"நம்ம கசாப்புக் கடை பாய் ரெண்டையும் ஒரே ரேட்டுக்குத்தான் விக்கிறாரு சார்."

வகுப்பு முடிந்தது. அதாவது, என் பங்கு முடிந்தது. பையன்கள் சிரித்து ஓய்ந்தபோது கெட்ட கல்லீரலும் சேர்ந்து சிரிக்கிற மாதிரி எனக்குத் தோன்றியது.

சுபேதார் சிரிக்கவில்லை. அவர் வீட்டிலிருந்து ஒரு குடம் நீர்மோர் கொண்டு வந்திருந்தார். ஒரு காலி நன்னாரி சர்பத் பாட்டிலில் மோரை ஊற்றிக் குமரேசன் கையில் கொடுத்தார்.

"இதான் அன்னிக்கு பாட்டில்னு வெச்சிக்கோ. எப்படிக் குடிச்சே, காட்டு."

குமரேசன் தயங்கினான். பிறகு சட்டை நுனியால் பாட்டில் வாயைத் துடைத்தான். தலையை அண்ணாந்தான். பாட்டிலை உதட்டுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் பிடித்துக் கவிழ்த்தான். கண்ணை மூடிக்கொண்டான். தொண்டைக்குழி மட்டும் ஏறி இறங்கியது... பாட்டில் காலி. ஒரு சொட்டு சட்டையில் விழவில்லை!

நாங்கள் எல்லாரும் சும்மா பார்த்துக்கொண்டிருந்தோம். அதில் எங்களுக்கு விசேஷமாக ஒன்றும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? நாங்கள் எல்லாருமே அப்படித்தானே குடிக்கிறோம்? தண்ணீர், மோர், காபி, கோயில் பானகம் — எதுவாக இருந்தாலும் உதடு படாமல் தூக்கி ஊற்றிக்கொள்வதுதான் நம் மரியாதை. பல நூற்றாண்டுகளுக்கு முன் கப்பலில் வந்து இறங்கிய வெளிநாட்டு யாத்திரிகர் ஒருவர்கூட இந்த ஊர் ஜனங்களின் இந்தப் பழக்கத்தை ஆச்சரியப்பட்டுக் குறித்துவிட்டுப் போயிருக்கிறார்.

சுபேதார் மட்டும் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மத்தவங்க எப்படிக் குடிச்சாங்க?"

"வாய் வெச்சித்தான். ஒருத்தன் ஒரு வாய் குடிப்பான், மூஞ்ச சுளிப்பான், அடுத்தவனுக்குக் குடுப்பான்."

"நீ?"

"எச்சில் பாட்டில் சார். எப்படி வாய் வெக்கிறது? தொடச்சிட்டு அண்ணாந்து ஊத்திக்கினேன்."

"தண்ணி கலந்தியா?"

"பாட்டில்ல எங்க சார் கலக்கிறது?"

சுபேதார் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அடப்பாவி! நம்ம ஊர்ப் பசங்கதான் மொதல்ல சாயுவாங்க. சர்வீஸ் பூரா பாத்துக்கினு இருந்தேன். நம்ம பசங்களுக்கு உடம்பு தாங்காதுன்னுதான் எல்லாரும் சொல்லுவோம். உடம்பு இல்லடா... ஊத்தறதுடா!"

யோசித்துப் பாருங்கள். தூக்கி ஊற்றுகிறவனால் சப்பிக் குடிக்க முடியாது. நடுவில் நிறுத்தினால் மூக்கில் ஏறும். அதனால் தொண்டையைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நாக்குக்கு வேலையே இல்லை. வாய் வைத்துக் குடித்த மற்ற பையன்களை அந்த ரம்மே முகம் சுளிக்க வைத்து எச்சரித்திருக்கிறது. எங்கள் குமரேசனிடம் அது எச்சரிக்க நேரமே இல்லாமல் இறங்கிவிட்டது. தண்ணீருக்கு ஏற்பட்ட பழக்கம். அதை ரம்முக்குப் பயன்படுத்தினால்?

அப்புறம் நடந்ததை வகுப்பு என்று சொல்வதா, கூத்து என்று சொல்வதா தெரியவில்லை. சுபேதார் டம்ளர்களை எடுத்தார். மோரை ஊற்றினார். "வாய் வெச்சிக் குடிங்க. கொஞ்சம் கொஞ்சமா."

"சீ! எச்சில் சார்!" என்றான் முருகேசன்.

"உன் டம்ளர், உன் எச்சில். உனக்கின்னாடா?"

"எங்க ஆத்தா பாத்தா தொடப்பக்கட்டையால அடிக்கும் சார்."

"உங்க ஆத்தா பஜாருக்கு வந்து உன்னைத் தூக்கிக்கினு போமா? குடிடா!"

குடித்தார்கள். மருந்து குடிக்கிற முகம். ஒருவன் மறந்துபோய் அண்ணாந்தான். பக்கத்திலிருந்தவன் அவன் பிடரியில் ஒன்று போட்டான். முருகேசன் இரண்டு வாயோடு டம்ளரை வைத்துவிட்டு, "சார், இப்படிக் குடிச்சா மோரே புடிக்கல. ரம் எப்படிப் புடிக்கும்?" என்றான். சார்ட் சாதிக்காததை அந்த டம்ளர் சாதித்தது.

சுபேதார் நடந்துகொண்டே பேசினார். "கேட்டுக்கோங்கடா. குடிக்காதவன் ராஜா. எவனாவது கிண்டல் பண்ணா பண்ணட்டும். மீறிக் கையில வந்துட்டா — வெறும் வயித்துல வேணாம். சோறு துன்னுட்டு. ஆளுக்கு ஒரு டம்ளர். தண்ணி நெறைய. வாய் வெச்சி. பாட்டில் சுத்தி வந்தா எவ்ளோ உள்ள போச்சின்னு எவனுக்குத் தெரியும்? டம்ளர்னா தெரியும். ஒருத்தன் சாஞ்சிட்டானா... மல்லாக்கப் போடாதீங்க, ஒருக்களிச்சிப் போடுங்க. பக்கத்துல ஒருத்தன் உக்காருங்க. உட்டுட்டு வந்துடாதீங்க. திட்டு வாங்கினாலும் பரவால்ல, டாக்டர்கிட்ட தூக்கிக்கினு போங்க."

கடைசி மூன்றையும் சொல்லும்போது அவர் குமரேசனைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

அந்த ஜன்னலுக்கு வெளியே ஏகாம்பரம் நின்றுகொண்டிருந்தார்.

மகனைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட வந்தவர். எவ்வளவு நேரமாக நின்றாரோ! உள்ளே வந்தார். கையில் டம்ளரோடு ஐந்து பையன்கள். சின்னச் சின்ன வாயாகக் குடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

"வாத்தியாரே" என்றார். "புள்ளைங்களுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்றீங்கன்னாங்க. எப்படிக் குடிக்கிறதுன்னு பாடம் நடத்திக்கினு இருக்கீங்களா?"

மோர்தான் என்று சொன்னேன். அது பதில் இல்லை என்று எனக்கே தெரிந்தது.

"ஏகாம்பரம், நீ அங்க வந்து காவல் இருப்பியாபா?" என்றார் சுபேதார்.

"நான் காவல் இருக்க முடியாது. ஆனா குடிக்காதேன்னு சொல்லுவேன். அப்பன் அதைத்தான் சொல்லுவான். இப்படிக் குடி, அப்படிக் குடின்னு சொல்ல மாட்டான்."

யார் சொன்னது சரி? இன்றைக்கும் சிலர் என்னிடம் கேட்கிறார்கள். அன்றைக்கு முருகேசன்கூட டம்ளரைப் பெஞ்சுக்கு அடியில் வைத்துவிட்டான்.

குமரேசன் எழுந்தான்.

"நைனா, நான் குடிக்கணும்னு போகல. எல்லாரும் குடிச்சாங்க. பாட்டில் எங்கிட்ட வந்துச்சி. வேணாம்னு சொன்னா சிரிப்பாங்கன்னு வாங்கிக்கினேன். நாளைக்கும் வரும் நைனா. நீ சத்தியம் கேட்டா பண்றேன். ஆனா கையில வெறுங்கையா நின்னா பாட்டிலத் திணிக்கிறாங்க. சின்னதா ஒரு டம்ளர் இருந்திச்சின்னா, அதுல ஒரு வாய் வெச்சிக்கினு, 'எனக்கு இருக்குதுபா'ன்னு சொல்லிட்டு ராத்திரி பூரா நிப்பேன்."

மகன் அத்தனை வாக்கியங்களைச் சேர்ந்தாற்போல் பேசி ஏகாம்பரம் கேட்டதில்லை என்று நினைக்கிறேன். அவனை ஏற இறங்கப் பார்த்தார். "சோறு ஆறுது, வா" என்றார். அவ்வளவுதான். எங்களிடம் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார்.

சத்தியம் வாங்கினார். மறுநாள் காலை ஏகாம்பரநாதர் கோயிலுக்கு அழைத்துப் போய்க் கற்பூரத்தை அணைக்கச் சொல்லி வாங்கினார் என்று கேள்விப்பட்டேன். சரி, எங்கள் வகுப்பு இத்தோடு கற்பூரத்தில் கரைந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரமே ஐந்து பேரும் கிளம்பினார்கள். பெங்களூர் பஸ். வழியனுப்ப சுபேதாரும் நானும் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தோம். டிரங்குப் பெட்டிகள், புளியோதரைப் பொட்டலங்கள், அம்மாக்கள். பஸ் ஹாரன் அடித்தது. ஏகாம்பரம் மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து ஜன்னல் வழியாகக் குமரேசனிடம் நீட்டினார்.

பிரித்தான். எவர்சில்வர் டம்ளர். எவ்வளவு சின்னது என்றால் — கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க வாங்குவோமே, அந்த சைஸ்! பக்கவாட்டில் பாத்திரக் கடைக்காரர் உளியால் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருந்தார்: ஏ.குமரேசன், காஞ்சிபுரம். அடியில் தேதி. (வருஷத்தோடு. பார்த்துவிட்டேன்.)

முருகேசன் எட்டிப் பார்த்தான். "டேய், இதுல ரம் இல்லடா, பன்னீர்தான் தெளிக்கலாம்!"

பஸ் முழுக்கச் சிரிப்பு. குமரேசனும் சிரித்தான். லீவில் வந்ததிலிருந்து அவன் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஏகாம்பரம் சிரிக்கவில்லை. "உன் பேரு போட்டிருக்குது. இது உன் டம்ளர். அடுத்தவன் பாட்டில் நமக்கு வேணாம்" என்றார். சற்று யோசித்து, யாருக்கும் கேட்காத மாதிரி, ஆனால் எனக்குக் கேட்கிற மாதிரிச் சேர்த்தார்: "வாய் வெச்சே குடி. பரவால்ல."

காஞ்சிபுரத்தில் ஒரு தகப்பன் மகனைப் பார்த்து 'வாய் வைத்துக் குடி' என்று சொல்வது சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள்.

கடைக்குப் போய் அவர் அந்த டம்ளரை எப்படித் தேர்ந்தெடுத்தார் என்று பிறகு பாத்திரக் கடைக்காரரிடம் விசாரித்தேன். விசாரிக்காமல் இருப்பேனா? "இருக்கறதுலயே சின்னதுன்னு கேட்டாரு சார். எடுத்துக் குடுத்தா, இன்னும் சின்னதா இல்லியான்னாரு. பேத்திக்கான்னு கேட்டேன். மொறச்சாரு!"

படித்தவர்கள் நாங்கள் இரண்டு பேர் சார்ட்டும் பாட்டிலும் வைத்துக்கொண்டு 'எப்படி' என்று சொல்லிக்கொடுத்தோம். அந்தப் பாடத்தில் பாதியை அவர் ஒப்புக்கொள்ளவேயில்லை. இருந்தாலும் 'எவ்வளவு' என்பதை அவர்தான் முடிவு செய்தார். சத்தியமும் டம்ளரும் ஒரே பெட்டியில் போயின. ஒன்று தவறினால் இன்னொன்று பிடித்துக்கொள்ளட்டும் என்று நினைத்தாரோ என்னவோ! ஒரு பக்கம் விட்டுப்போனால் மறு பக்கத்து ஆள் நாடாவைப் பிடிக்கிற தொழில் அல்லவா?

குமரேசன் பயிற்சியை முடித்தான். சத்தியப்பிரமாண அணிவகுப்பில் நின்றான். அதற்கு முந்தின நாள் மாலை பையன்கள் கொண்டாடியபோது எல்லார் டம்ளரையும் நிரப்பிக்கொண்டு வந்தவன் குமரேசனிடம் வந்ததும், "இது என்னடா, மருந்து டம்ளரா?" என்று கேட்டானாம். "எங்க ஊர் அளவு" என்றானாம் இவன். இது முருகேசன் லீவில் வந்தபோது சொன்னது. அந்த மாலை ஒருவன் சாய்ந்துவிட்டானாம் — வேறு ஊர்ப் பையன். காஞ்சிபுரத்துக்காரர்கள் ஐந்து பேரும் அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, மாறி மாறிப் பக்கத்தில் உட்கார்ந்து, பொழுது விடிவதற்குள் டாக்டரிடமும் காட்டியிருக்கிறார்கள். குமரேசன் அங்கிருந்தே அணிவகுப்புக்குப் போனானாம். சுபேதாரிடம் இதைச் சொன்னேன். மனிதர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

'இளைஞர்களைக் காப்பாற்ற என்ன வழி?' என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். பயமுறுத்துங்கள், தப்பில்லை. சத்தியம் வாங்குங்கள், அதுவும் தப்பில்லை. ஆனால் பையனைக் கொஞ்சம் பேசவும் விடுங்கள். என் கல்லீரல் சார்ட் வேண்டுமென்றால் இலவசமாகத் தருகிறேன். புத்தம் புதுசாக இருக்கிறது.

நேற்று கடிதத்தை எடுத்துக்கொண்டு பிள்ளையார்பாளையம் போனேன். ஏகாம்பரம் தறியில் இருந்தார். எதிர்ப்பக்கத்தில் கூலி ஆள். கடிதத்தை வாசித்துக் காட்டினேன். லான்ஸ் நாயக் என்றதும் தலையை ஆட்டினார். டம்ளர் பத்திரம் என்றதும் கை நின்றது.

"குளிர் ஜாஸ்தின்னு எழுதியிருக்கான். அந்த மாதிரி எடத்துல ரேஷன்லயே ரம் குடுப்பாங்கன்னு சுபேதார் சொல்றார்" என்றேன் மெதுவாக.

"குடுப்பாங்க. எவன் வேணாம்னான்?" என்றார். நாடாவைத் தள்ளினார். "எம் பையன் அந்த டம்ளர்ல பால்தான் குடிக்கிறான்."

தேதி போட்டுக் குறித்து வைத்திருக்கிறேன். பக்கத்தில் வழக்கம்போல ஒரு குறிப்பும்: தகவல் தந்தவர், தகப்பனார், இன்னும் சரிபார்க்கவில்லை.